வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்த மாதங்கள்

சோமனூருக்கும் பல்லடத்துக்கும் நடுவில் ஒரு கிராமத்தில் எனக்கு ஆறு விசைத்தறி ஓடுகிறது. முன்னே எட்டு இருந்தது. ரெண்டு தறி எப்படிப் போனது என்பதைச் சொல்லாமல் என் விசுவாசம் எப்படித் தளர்ந்தது என்று சொல்ல முடியாது, ஆனால் அதற்கு முன்னால் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும். இதே மாதிரி ஒரு நிலையில் இப்போது இருக்கிற யாராவது ஒருவருக்கு இதில் ஒரு வரியாவது உதவும் என்றுதான் எழுதுகிறேன். எல்லாவற்றையும் கடந்து வந்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள என்னால் முடியாது, இன்னும் நடுவழியில்தான் இருக்கிறேன்.

2001இல் எனக்கு 24 வயது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தேன். அறையில் கூட இருந்த நாகர்கோவில் பையன் தினமும் ராத்திரி பாயை விரித்த பிறகு பத்து நிமிஷம் வேதாகமம் வாசிப்பான், எங்களிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டான். நான்தான் ஒரு நாள் வாங்கிப் படித்தேன். மாற்கு சுவிசேஷத்தை ஒரே மூச்சில் முடித்துவிட்டு அன்றைக்கு ராத்திரி தூங்கவில்லை. ரெண்டு வருசம் கழித்து ஊருக்குத் திரும்பி வந்து, எங்கள் பக்கத்துச் சின்னச் சபை ஒன்றில் ஞானஸ்நானம் எடுத்தேன். தண்ணீரில் முழுகித்தான் எடுக்க வேண்டும், அதற்குக்கூடப் பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத் திட்டம்) வாய்க்காலில் தண்ணீர் விடும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மண்டலம் மண்டலமாக முறை வைத்துத்தானே விடுவார்கள், எங்கள் முறை வர நாலு மாதம் ஆனது. அந்த நாலு மாதமும் எனக்குப் பொறுக்கவே இல்லை.

வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அப்பா மூன்று வருசம் என்னோடு நேரடியாகப் பேசவில்லை, வேண்டியதை அம்மாவிடம் சொல்லி அனுப்புவார். மாரியம்மன் நோம்பி, அதாவது கோயில் திருவிழா, சாட்டினால் வீட்டுக்கு இத்தனை என்று வரி வரும், நான் என் பங்கைத் தர மாட்டேன் என்றேன். அது சரியா தப்பா என்பதை விட, சொன்ன விதம் தப்பு. ஊர்ப் பெரியவர்கள் நாலு பேர் உட்கார்ந்திருக்கும்போது, அவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கும்பிட்டு வந்ததைப் பற்றி வாய்க்கு வந்ததைப் பேசினேன். எனக்குள் அதுதான் தைரியம், அதுதான் சாட்சி என்று ஒரு நினைப்பு. அப்பா தலையைக் குனிந்துகொண்டு எழுந்து போனது இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. சில வருசம் கழித்துத்தான், நோம்பி நாளில் ஊருக்குத் தண்ணீர் லாரி ஒன்றுக்கு நான் பணம் கொடுத்துவிடுகிறேன், பூசைச் செலவில் மட்டும் என்னை விட்டுவிடுங்கள் என்று தனியாகப் போய் மரியாதையாகக் கேட்டேன். ஒத்துக்கொண்டார்கள். முதல் நாளே அப்படிக் கேட்டிருந்தால் மூன்று வருசப் பேச்சு நின்றிருக்காது. புதிதாக விசுவாசத்துக்கு வந்திருக்கிற தம்பி தங்கைகள் யாராவது இதைப் படித்தால் சொல்கிறேன், எதைச் செய்ய மாட்டோம் என்பதில் உறுதியாக இருங்கள், ஆனால் அதைத் தனியாகச் சொல்லுங்கள், கூடவே என்ன செய்வோம் என்பதையும் சொல்லுங்கள்.

நோம்பியை விடக் கஷ்டமான விஷயம் வேறு. எங்கள் சபை இருப்பது காலனியில். எங்கள் வீடு ஊருக்குள். இந்த ஒரு வரியில் எல்லாம் அடங்கிவிடும். ஆராதனை முடிந்ததும் அங்கே எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். முதல் ஆறு மாதம், தறிக்குப் போக வேண்டும் என்று ஏதாவது காரணம் சொல்லிக் கிளம்பிவிடுவேன். ஒறம்பரையில், சொந்தக்காரர்களில், யாருக்காவது தெரிந்தால் என்ன ஆகும் என்ற பயம். கலாத்தியர் இரண்டாம் அதிகாரத்தில் பேதுரு இதையேதான் செய்கிறார், அந்தியோகியாவில் யூதரல்லாத புறஜாதியாரோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், யாக்கோபிடமிருந்து சிலர் வந்ததும் பயந்து விலகிக்கொள்கிறார், பவுல் எல்லாருக்கும் முன்னால் அவரைக் கேட்டுவிடுகிறார். அதைப் படித்த அன்றைக்கு எனக்கு வேர்த்துவிட்டது. அடுத்த ஞாயிறு உட்கார்ந்து சாப்பிட்டேன். ரசம் சாதமும் முட்டைப் பொரியலும். சிலுவையை எடுத்துக்கொண்டு பின்பற்றுவது என்றால் எங்கள் கொங்கு நாட்டில் அது முதலில் சாப்பாட்டு இலையில்தான் வந்து நிற்கும் என்று நான் நம்புகிறேன், இதைப் பேசாமல் சீஷத்துவம் பற்றி எத்தனை செய்தி கொடுத்தாலும் பிரயோஜனம் இல்லை.

அந்தச் சபையில்தான் ஓர் அக்கா இருந்தார். பாவு, அதாவது தறியில் நீளவாட்டில் ஓடுகிற நூல், பிணைக்கிற வேலை. தறியில் ஒரு பாவு தீர்ந்து புதுப் பாவு ஏற்றும்போது, பழைய இழையின் நுனியையும் புது இழையின் நுனியையும் ஒவ்வொன்றாக எடுத்து, விரலில் சாம்பலைத் தொட்டு ஒரு திருகு திருகி இணைக்க வேண்டும். இரண்டாயிரம், மூவாயிரம் இழை. அக்கா தரையில் காலை நீட்டி உட்கார்ந்தால் விரல் ஓடுவது கண்ணுக்குத் தெரியாது. நான் சபைக்குப் போவதற்கு முன்னாலிருந்தே எங்கள் குடோனுக்கு வேலைக்கு வருகிறவர்தான். அப்போதெல்லாம் என்னை விட இருபது வயது மூத்த அவரை நான் பேர் சொல்லிக் கூப்பிடுவேன், அவர் என்னைச் ‘சாமி’ என்பார். நான் அக்கா என்று கூப்பிடப் பழகியதற்கு ஒரு வருசம் ஆனது. அவர் தம்பி என்று கூப்பிட அதற்கு மேலேயும் ஆனது.

சரி, ரெண்டு தறி விஷயத்துக்கு வருகிறேன். 2018இல் எங்கள் சபையிலேயே பொறுப்பில் இருந்த ஒருவர் தொழிலுக்கு என்று கடன் வாங்கினார், நான் ஜாமீன் கையெழுத்துப் போட்டேன். பதினைந்து வருசப் பழக்கம். என் கல்யாணத்துக்கு முன்னால் நின்று எல்லாம் செய்தவர். ஒரு வருசம் ஒழுங்காகக் கட்டினார், அப்புறம் ஒரு நாள் வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார். நாலு லட்சம் என் தலையில் விழுந்தது. எட்டுத் தறியில் ரெண்டைக் கழற்றிப் பழைய இரும்பு விலைக்குப் போட்டேன். பணம் போனதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். சபையில் இதைக் கேட்டபோது, ‘சகோதரனைப் பற்றிக் குறை பேசாதீங்க, கர்த்தர் பார்த்துக்குவார்’ என்று வாயை அடைத்ததுதான் உள்ளே போய்த் தைத்தது. ஏற்கெனவே கட்டட நிதிக் கணக்கில் குழப்பம், அதில் ரெண்டு அணி, கடைசியில் ஒரு பகுதி பிரிந்து போய்த் தனியாகக் கூடியது.

அப்புறம் கொரோனா. 2020 மார்ச்சில் எல்லாம் மூடினார்கள். செப்டம்பர் ஒன்றாம் தேதி வழிபாட்டுத் தலங்களைத் திறந்தார்கள். என் மனைவியும் மகளும் அந்த வாரமே போனார்கள். நான் போகவில்லை. அடுத்த வாரமும் போகவில்லை. யாரோடும் சண்டை போட்டு, இனி வர மாட்டேன் என்று சொல்லிவிட்டு வரவில்லை. போகாமல் இருப்பது லேசாக இருந்தது, அவ்வளவுதான். விசுவாசத்தை விட்டவர்கள் எல்லாரும் ஒரு நாள் உட்கார்ந்து முடிவெடுத்து விட்டதாக நினைக்கிறோம், என் அனுபவத்தில் அப்படி இல்லை. ஒரு ஞாயிறு தூங்கினேன், ஒரு ஞாயிறு கோவைக்கு ஸ்பேர் பார்ட்ஸ் வாங்கப் போனேன், வேதாகமத்தின் மேல் மின்சார பில்லை வைத்தேன், அதை எடுக்கவே இல்லை.

2021 ஜூலையில் அப்பாவுக்குப் பக்கவாதம். காலையில் எழுந்தவர் வாய் ஒரு பக்கமாகக் கோணி, சோற்றுக் கை தூக்க முடியாமல் இருந்தது. நாங்கள் பித்தம், தலைசுற்றல் என்று நினைத்து எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுத்துப் படுக்க வைத்தோம். மத்தியானம்தான் கோவைக்குக் கொண்டு போனோம். ரத்தக்கட்டினால் வரும் பக்கவாதத்துக்கு, கட்டைக் கரைக்கிற ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும் என்று அங்கே போன பிறகுதான் தெரிந்தது. அந்த நேரம் தாண்டிவிட்டிருந்தது. முகம் கோணினால், கை விழுந்தால், பேச்சு குழறினால் ஒரு நிமிஷம்கூட யோசிக்காதீர்கள், 108ஐக் கூப்பிடுங்கள், ஜெபம் ஆம்புலன்ஸில் பண்ணிக்கொள்ளலாம்.

ஆஸ்பத்திரி வராண்டாவில் அம்மா என்னைப் பார்த்து, கோபமே இல்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரி கேட்டார். “ஏங் கண்ணு, இத்தன வருசம் போனியே, உன்ற சாமி என்ன பண்ணுச்சு?”

என்னிடம் பதில் இல்லை. அன்றைக்குச் சாயங்காலம் பிரிந்து போன பகுதியிலிருந்து ஒருவர் பார்க்க வந்தார். அப்பா கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று ஜெபித்துவிட்டு, என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இது என்னுடைய பின்மாற்றத்தால், நான் விசுவாசத்தில் பின்வாங்கியதால், வந்தது என்றார். இதை எழுதும்போது இப்போதும் கை நடுங்குகிறது. கஷ்டத்தில் இருக்கிறவனிடம் போய்க் காரணம் சொல்லாதீர்கள். யோபின் நண்பர்கள் ஏழு நாள் வாயைத் திறக்காமல் தரையில் உட்கார்ந்திருந்த வரைக்கும் நல்லவர்களாகத்தான் இருந்தார்கள். பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் கடிதத்தின் கடைசியில் ஒரு வரி வரும், “துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன்” என்று. அத்தனை பேரைக் குணமாக்கிய பவுல், கூட ஊழியம் செய்தவனை வியாதியோடு விட்டுவிட்டு வருகிறார், அதற்கு ஒரு விளக்கமும் சொல்லவில்லை, துரோப்பீமுவுக்கு விசுவாசம் பற்றவில்லை என்று ஒரு வார்த்தையும் எழுதவில்லை. யாராவது ஒருவர் அன்றைக்கு எனக்கு இந்த வரியைக் காட்டியிருக்கக் கூடாதா என்று பல நாள் நினைத்திருக்கிறேன்.

அந்தச் சமயத்தில் நான் ராத்திரி ஷிப்ட்டும் நானே ஓட்டினேன், பகலில் அப்பாவைப் புரட்டிப் படுக்க வைப்பது, உடம்பு துடைப்பது, பிசியோதெரபிக்குக் கூட்டிப் போவது. நாலு மணி நேரத் தூக்கம். தறிச் சத்தத்தில் நின்றுகொண்டே, கடவுள் இருக்கிறாரா என்ற கேள்வியைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருப்பேன். இப்போது யோசித்தால் அந்தக் கேள்வியில் பாதி களைப்பு. தீர்க்கதரிசி எலியா சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்று சொன்னபோது தேவதூதன் வந்து பிரசங்கம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் வைத்துவிட்டு, எழுந்து சாப்பிடு என்றான். எலியா சாப்பிட்டுவிட்டுத் திரும்பவும் தூங்கினார், ரெண்டாம் தடவையும் எழுப்பிச் சாப்பிட வைத்தான். ஓரேபு மலைக்குப் போய்க் கடவுளோடு பேசியதெல்லாம் நாற்பது நாளைக்குப் பிறகுதான். உங்களுக்கு விசுவாசம் தளர்ந்த மாதிரி இருந்தால் முதலில் எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள் என்று பாருங்கள். தூக்கமே வரவில்லை, எதிலும் மனசு ஒட்டவில்லை, செத்துப் போகலாம் என்று நினைப்பு வருகிறது என்றால் மனநல டாக்டரைப் பாருங்கள், அதற்கும் விசுவாசக் குறைவுக்கும் சம்பந்தம் இல்லை. நான் ராத்திரி ஷிப்ட்டுக்கு ஓர் ஆளைப் போட்டேன். கையில் நின்ற காசு குறைந்தது, ஆனால் ஒரு மாதத்தில் தலை கொஞ்சம் தெளிந்தது.

தெளிந்ததும் ஒரு காரியம் செய்தேன், அது ரொம்ப உதவியது. தறிக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில், எனக்கு யார் மேல் கோபம், எதனால், என்று எழுதினேன். ஓடிப்போனவர் மேல், என்னை வாயடைத்தவர்கள் மேல், ஆஸ்பத்திரியில் அப்படிப் பேசியவர் மேல், எலுமிச்சம்பழம் பிழிந்த என் மேல். எழுதி முடித்துப் பார்த்தால் அதில் கிறிஸ்து செய்தது என்று எழுத ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அவர் பேசாமல் இருக்கிறார் என்பது. மற்றது எல்லாம் ஆட்கள் செய்தது. நான் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி அவர் வாசலில் போட்டுவிட்டு வந்திருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. பேசாமல் இருக்கிறார் என்ற வருத்தம் அப்போதும் தீரவில்லை. ஆனால் அது ஒன்றுதான் வருத்தம் என்றால் அதை அவரிடமே கேட்கலாம்.

எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை, ஜெபம் வாயில் வரவில்லை. அதனால் தினமும் காலையில் தறி போடுவதற்கு முன்னால் குடோனில் நின்று ஒரு சங்கீதத்தைச் சத்தமாக வாசிப்பது என்று வைத்துக்கொண்டேன். ஒன்றே ஒன்று. மனசு ஒட்டினாலும் ஒட்டாவிட்டாலும் வாசித்துவிட்டு சுவிட்சைப் போடுவேன். 150 சங்கீதத்தில் மூன்றில் ஒரு பங்குக்குப் பக்கம் புலம்பல்தான் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும், சபையில் நாங்கள் துதிச் சங்கீதங்களாகப் பார்த்துப் பார்த்து வாசிப்போம். 13ஆம் சங்கீதத்தில் “எதுவரைக்கும்” என்று நாலு தடவை வருகிறது. 88ஆம் சங்கீதம் விடியவே விடியாது, சிநேகிதனையும் தோழனையும் தூரமாக விலக்கினீர் என்று சொல்லி அப்படியே முடிந்துவிடுகிறது. அதை வாசித்த அன்றைக்கு சுவிட்சைப் போடாமல் பத்து நிமிஷம் நின்றேன். என் மனநிலை வேதத்துக்கு உள்ளேயே இருக்கிறது, நான் வெளியே போய்விடவில்லை என்று ஓர் ஆறுதல். வேதாகமத்தில் ஒரு நாளைக்கு நாலு அதிகாரம், அதிகாலை ஜெபம், உபவாசம் என்று பெரிதாகத் தொடங்கி ஒரு வாரத்தில் விடுவதை விட, விட முடியாத அளவுக்குச் சின்னதாக ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

இடையில் ஒரு ஞாயிறு ஈரோட்டில் தங்கச்சி வீட்டில் இருந்தேன். காலையில் ப்ரப் ரோட்டில் சும்மா நடந்துகொண்டிருந்தவன், ப்ரப் நினைவாலயத்துக்குள் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். ப்ரப் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து ஈரோட்டில் ஊழியம் செய்த மிஷனரி, அந்தப் பேரைத்தான் நாம் ரோட்டுக்கு வைத்துச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். எங்கள் சபையில் எழுதி வைத்த ஜெபம் என்றால் உயிரில்லாத ஜெபம் என்பார்கள். அன்றைக்கு அங்கே எல்லாரும் சேர்ந்து பாவ அறிக்கை சொன்னபோது, எனக்கு வார்த்தை இல்லாத நேரத்தில் யாரோ எனக்காக எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று தோன்றியது. என்னை ஒருத்தருக்கும் தெரியாது, யாரும் எதுவும் கேட்கவில்லை. உங்கள் சபைக்குப் போக முடியாத நிலை இருந்தால், வேறு ஏதாவது ஒரு சபையின் கடைசி வரிசையில் கொஞ்ச நாள் உட்கார்ந்து பாருங்கள், வெட்கப்பட ஒன்றும் இல்லை.

2021 நவம்பர் இருக்கும். அக்கா பாவு பிணைத்துக்கொண்டிருந்தார், நான் ஊடை நூல் சுற்றிய தார்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தாமலே சொன்னார். “தம்பி, எனக்கு முட்டி வலி. சபைக்கு நடக்க முடியறதில்ல. ஞாயித்துக்கிழமை வண்டில கொண்டு போயி உட்டறயா?”

“அக்கா, நான் வரதில்லயே.”

“நீ உள்ள வர வேண்டாஞ் சாமி. என்னைய உட்டுட்டு, முடிஞ்சதும் கூட்டியாந்தாப் போதும். நீ ஜெபமும் பண்ண வேண்டாம், அத நாம் பண்ணிக்கறேன்.”

பல வருசத்துக்குப் பிறகு வாய் தவறி அந்தச் ‘சாமி’ வந்தது, அவரும் கவனிக்கவில்லை. நான் சரி என்றேன்.

இப்படித்தான் ஞாயிற்றுக்கிழமை காலையில் என் எக்ஸெல் வண்டியில் அக்காவை உட்கார வைத்துக்கொண்டு ஊருக்குள் வழியாகப் போனேன். முதல் வாரம் டீக்கடையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். சபைக்கு வெளியே ஒரு வேப்பமரம், அதன் கீழ் ஒரு கல். அக்காவை இறக்கிவிட்டு அந்தக் கல்லில் உட்காருவேன். உள்ளே பாட்டு கேட்கும், பிரசங்கம் மைக்கில் பாதி கேட்கும் பாதி கேட்காது. எனக்கு அந்தத் தூரம் தேவையாக இருந்தது. உள்ளே இருந்து யாராவது வந்து, ஏன் வெளியே உட்கார்ந்திருக்கிறீர்கள், வாங்க வாங்க என்று இழுத்திருந்தால் அடுத்த வாரம் அக்காவுக்கு ஆட்டோ பிடித்து அனுப்பியிருப்பேன். யாரும் கூப்பிடவில்லை. என் மனைவிதான் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தாள் என்று பிறகு தெரிந்தது. அவளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், நான் போகாமல் இருந்த பதினாலு மாதமும் அவள் ஒரு நாள்கூட என்னை வற்புறுத்தவில்லை, மகளிடம் என்னைக் குறைத்துப் பேசவில்லை, வீட்டில் சாப்பிடும் முன் ஜெபிக்கும்போது என் பேரை அழுத்திச் சொல்லிக் குத்திக்காட்டவில்லை. வீட்டில் ஒருவர் தளர்ந்து போயிருந்தால் மற்றவர்கள் செய்யக்கூடிய பெரிய உதவி அதுதான்.

2022 ஜனவரியில் கூலி உயர்வு கேட்டுத் தறிகளை நிறுத்தினோம். கோவை, திருப்பூர் மாவட்டத்தில் கூலிக்கு ஓட்டுகிறவர்கள் எல்லாரும் நிறுத்தினார்கள், ஒரு மாதத்துக்கு மேல் ஓடவில்லை. தறி நின்றால் எனக்கு வரும்படி இல்லை, அக்காவுக்கும் இல்லை. பிப்ரவரியில் தறி நின்றிருந்த வாரங்களிலும் ஞாயிறு வந்தால் அவர் வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு காலனி முனையில் நிற்பார். ஒரு நாள் வண்டியில் வரும்போது கேட்டேன், சாப்பாட்டுக்கு என்னக்கா பண்றீங்க என்று. ரேஷன் அரிசி இருக்கிறது, முருங்கைக் கீரை இருக்கிறது என்றார். அப்புறம், “யாருகிட்டப் போறது தம்பி, பேதுரு சொன்ன மாதிரிதான்” என்றார். யோவான் ஆறாம் அதிகாரம். கடினமான உபதேசம் என்று சீஷர்களில் அநேகர் பின்வாங்கிப் போன பிறகு, நீங்களும் போய்விட மனதாயிருக்கிறீர்களோ என்று இயேசு பன்னிரண்டு பேரிடம் கேட்கிறார். பேதுரு எல்லாம் புரிந்துவிட்டது என்று சொல்லவில்லை. ஆண்டவரே, யாரிடத்தில் போவோம் என்கிறார். எழுதப் படிக்கத் தெரியாத அக்காவுக்கு அந்த அதிகாரம் காதால் கேட்டுக் கேட்டு மனப்பாடம்.

மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை அவருக்குக் காய்ச்சல். ஞாயிறு காலையில் கூப்பிடப் போனபோது படுத்திருந்தார். தலையணைக்கு அடியிலிருந்து நாலாக மடித்த இருபது ரூபாய் நோட்டு ஒன்றை எடுத்தார். “நான் வல்ல தம்பி. இதப் பையில போட்டுரு.”

அவரை விட்டுவிட்டு வரத்தான் நான் போய்க்கொண்டிருந்தேன், இப்போது அவர் வரவில்லை, என்னிடம் அவருடைய காணிக்கை இருக்கிறது. யாரிடமாவது கொடுத்து அனுப்பலாம் என்று மரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றேன். எல்லாரும் உள்ளே போய்விட்டார்கள். ஒரு மாதம் தறி ஓடாத வீட்டிலிருந்து வந்த இருபது ரூபாய் அது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்ப் பின்னால் உட்கார்ந்தேன். காணிக்கைப் பை வந்தபோது போட்டேன். அப்போது எழுந்து போயிருக்கலாம், போகவில்லை. பெரிதாக எதுவும் நடக்கவில்லை, அழவும் இல்லை. திமிர்வாதக்காரனை நாலு பேர் சுமந்துகொண்டு வந்து கூரையைப் பிரித்து இறக்கிய கதையில், இயேசு “அவர்கள்” விசுவாசத்தைக் கண்டு என்றுதான் மாற்கு எழுதியிருக்கிறார் என்பது மட்டும் அன்றைக்கு ஞாபகம் வந்தது. இத்தனை மாதம் வண்டி ஓட்டியது நான், சுமந்தது அவர்.

அதற்குப் பிறகு எல்லாம் சரியாகிவிட்டதா என்றால் இல்லை. ஓடிப்போனவர் கிடைக்கவில்லை. அவர் மேல் உள்ள கோபம் சில நாள் இல்லாமல் இருக்கும், சில நாள் அப்படியே வரும். மன்னிப்பதும், திரும்பக் கையெழுத்துப் போடுவதும் வேறு வேறு என்று தெரிந்துகொண்டேன். நீதிமொழிகள் 22:26 கடனுக்காகப் பிணைப்படாதே என்று நேரடியாகவே சொல்லியிருக்கிறது, அதை நான் பதினைந்து வருசம் தாண்டித் தாண்டி வாசித்திருக்கிறேன். சபை ஆட்களுக்குள் கடன், சீட்டு, ஜாமீன் எதுவும் வேண்டாம், உதவ வேண்டும் என்றால் போனால் போகட்டும் என்று கொடுக்கக்கூடிய அளவை இனாமாகக் கொடுங்கள். எங்கள் சபையில் இப்போது காணிக்கையை ரெண்டு பேர் சேர்ந்து எண்ணி, வரவு செலவை மாதா மாதம் எழுதிச் சுவரில் ஒட்டுகிறோம். இதைக் கேட்டபோது நம்பிக்கை இல்லாதவன் என்று என்னைச் சொன்னவர்கள் உண்டு. பவுலே எருசலேமுக்குக் காணிக்கை கொண்டு போகும்போது, யாரும் குற்றம் சொல்லாதபடிக்குக் கூட வேறு ஆட்களையும் அனுப்பினார் என்று இரண்டு கொரிந்தியர் எட்டாம் அதிகாரத்தை எடுத்துக் காட்டினேன்.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். நான் திரும்பிப் போனது, அங்கே திருந்த மனசுள்ளவர்கள் இருந்ததால். எல்லாச் சபைக்கும் திரும்பிப் போகத்தான் வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். பெண்களிடம், பிள்ளைகளிடம் தப்பாக நடந்ததை மூடி மறைக்கிற இடம், கேள்வி கேட்டால் சாபம் விடுகிற இடம், இதையெல்லாம் சகித்துக்கொண்டு இருப்பது சிலுவை சுமப்பது ஆகாது. அங்கிருந்து வெளியே வாருங்கள், போலீசில் சொல்ல வேண்டியதைப் போலீசில் சொல்லுங்கள். அந்த இடத்தை விட்டு வருவதும் கிறிஸ்துவை விட்டு வருவதும் ஒன்றில்லை, நான் ரெண்டையும் ஒன்றாக நினைத்துத்தான் பதினாலு மாதம் வீணாகத் தவித்தேன்.

அப்பா இப்போது ஊன்றுகோல் வைத்து வாசல் வரைக்கும் நடக்கிறார். வலது கை வரவில்லை. இடது கையால் சாப்பிடுவது அவருக்கு இன்னும் அவமானமாக இருக்கிறது, அதனால் யாராவது வந்திருந்தால் சாப்பிட மாட்டார். நான் தினமும் அவர் கையை நீவி விடுகிறேன். குணமாக்கும் என்று இன்னும் ஜெபிக்கிறேன், பதில் வரவில்லை, பிசியோதெரபியையும் விடவில்லை. அம்மா கேட்ட கேள்விக்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை, அவரும் அதற்குப் பிறகு கேட்கவில்லை. ஆனால் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று தெரியும்.

தறிக்கு வேலைக்கு வருகிறவர்களுக்கு அம்மா பேப்பர் கப்பில்தான் டீ கொடுப்பார். என் சின்ன வயதில் அது கொட்டாங்கச்சியாக இருந்தது. இருபது வருசமாக இதற்காக அம்மாவோடு பேசியிருக்கிறேன், கத்தியும் இருக்கிறேன், ஒன்றும் மாறவில்லை. போன மாதம் ஒரு ஞாயிறு, வண்டி பஞ்சர். அக்கா காத்திருந்து பார்த்துவிட்டு, கம்பை ஊன்றிக்கொண்டு மெதுவாக எங்கள் வீடு வரைக்கும் நடந்து வந்துவிட்டார். நான் டியூபை வெளியே இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். அம்மா உள்ளே போய்க் காப்பி கொண்டு வந்தார். நான் நிமிர்ந்து பார்த்தேன். வீட்டில் நாங்கள் குடிக்கிற எவர்சில்வர் டம்ளர்.

“திண்ணையில உக்காரு. முட்டி எப்படி இருக்குது?” என்றார் அம்மா.

அக்கா உட்கார்ந்து குடித்தார். குடித்துவிட்டு டம்ளரைக் கழுவப் போனார், அம்மா வாங்கிக்கொண்டார். உள்ளே வா என்று இன்னும் சொல்லவில்லை. நான் பஞ்சரை ஒட்டி முடித்து, காற்றடித்து, அக்காவை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். ஆராதனைக்கு நேரமாகிவிட்டிருந்தது.